ட்யூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு ஃபோர்டு

பொள்ளாச்சியில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு கார் படம் தொங்கும். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் பார்த்ததுதான். மேலே துணிக்கூரை போட்ட கார், ஃபுட்போர்டில் ஒரு காலை வைத்து மீசையோடு நிற்கிற கொள்ளுத்தாத்தா, பின் சீட்டில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன், சுற்றி மூன்று பேர், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தொப்பி போட்ட ஒரு ஆள். "1912-ல எங்க அப்பாரு வாங்கின ரோல்ஸ் ராய்ஸ்" என்று பெரியப்பா வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வார். எங்கள் பக்கம் அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா. கல்யாணம் என்றால் சம்பந்தி வீட்டாரிடம் இரண்டு தடவை சொல்வார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய கார் படங்களைப் பார்த்து இது என்ன வண்டி, எந்த வருஷம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிற ஏழெட்டுப் பேர் எனக்குப் பழக்கமானார்கள். கிடைக்கிற படத்தை ஒருவருக்கொருவர் அனுப்புவோம், ஆளாளுக்கு ஒன்று சொல்வோம், சண்டை போடுவோம். அதில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், லேத் பட்டறை வைத்திருந்து ஓய்ந்த பெரியவர், வாய் குறைவு, கண் கூர்மை. நானும் பெருமையாக எங்கள் வீட்டுப் படத்தை சுவரில் மாட்டியிருந்தபடியே போனில் எடுத்து, "1912 ரோல்ஸ்" என்று எழுதி அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்து அவரிடமிருந்து ஒரே வரி வந்தது: "தம்பி, கண்ணாடில தெரியற ட்யூப்லைட் என்ன கம்பெனின்னு வேணா சொல்றேன்."

அது எனக்குக் கிடைத்த முதல் பாடம், கொஞ்சம் சூடாகவே கிடைத்தது. மாட்டியிருக்கிற படத்தை எடுக்க வேண்டியதுதான் என்றால் லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி படத்தை வைத்து, நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுங்கள், உங்கள் உருவமே கண்ணாடியில் விழாது. இன்னும் நல்லது ஃபிரேமிலிருந்து கழற்றி ஸ்கேன் செய்வது. குறைந்தது 600 டிபிஐ (அங்குலத்துக்கு அத்தனை புள்ளி), உள்ளங்கை அளவுப் படமென்றால் 1200. வாட்ஸப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அது நசுக்கித் தள்ளிவிடுகிற நுணுக்கங்களில்தான் விடை இருக்கும். கழற்றும்போது கண்ணாடியோடு படம் ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்து அப்படியே ஸ்கேன் செய்யலாம். பிய்த்தால் முகம் கண்ணாடிக்கும் தலைப்பாகை அட்டைக்குமாகப் போய்விடும்.

பெரியப்பாவிடம் கேட்டால் கழற்ற விடமாட்டார் என்று தெரியும். அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கழற்றினேன். பின்பக்க அட்டையை எடுத்ததும் ராமபாணப் பூச்சி ஒன்று ஓடியது. படத்தின் ஒரு ஓரம் நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தது. எப்போதோ புது ஃபிரேம் போடக் கொடுத்த கடையில், ஃபிரேமுக்கு அளவு சரியாக வரட்டும் என்று கத்தரித்திருக்கிறார்கள். கத்தரித்த ஓரத்தில்தான் நம்பர் பிளேட் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதன் ஒரு மூலை மட்டும் மிச்சம் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், பிரதி எடுத்து அதை ஃபிரேம் போடக் கொடுங்கள்.

சரி, வண்டிக்கு வருவோம். எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்திருந்தேன். முதலில் ஒரு பெயரை மனதில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற மாதிரி படத்தைப் பார்த்திருக்கிறேன். பெரியவர் நேர்மாறாகப் போவார். பெயரே சொல்லமாட்டார். "முன்னாடி ஸ்பிரிங் எப்பிடிப் போகுது?" என்று கேட்டார். பெரிதாக்கிப் பார்த்தேன். மற்ற பல கார்களில் முன் சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பட்டை ஸ்பிரிங் நீளவாக்கில் இருக்கும். இதில் ரேடியேட்டருக்குக் கீழே ஒரே ஸ்பிரிங், ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குக் குறுக்கே, கவிழ்த்த வில் மாதிரி. "ஆரக்கால் எத்தனை?" பன்னிரண்டு, மரத்தில். "ஸ்கேலை வச்சு சக்கரத்தோட குறுக்களவு எடு, அப்புறம் முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரைக்கும் எடு." நல்லவேளையாக வண்டி பக்கவாட்டில்தான் நிற்கிறது. சக்கரத்தைப்போல மூன்றேகால் மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

ஃபோர்டு மாடல் டி-யின் டயர் குறுக்களவு 30 அங்குலம், இரண்டு அச்சுக்கும் நடுவில் 100 அங்குலம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்த அளவு தந்திரத்துக்குப் படத்தில் எழுத்து எதுவும் தெரிய வேண்டியதில்லை, முகப்பு மங்கிப்போயிருந்தாலும் பரவாயில்லை, வண்டி கோணலாக நிற்காமல் இருந்தால் போதும். ஒரு பெரிய ரோல்ஸையும் மாடல் டி-யையும் பிரிக்க இதுவே தாராளம். ஆனால் இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஸ்பிரிங், ஆரக்கால், அளவு என்று மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால்தான் பெயரைச் சொல்ல வேண்டும்.

மாடல் டி 1908 அக்டோபரில் வந்து 1927 மே வரை ஓடியது, மொத்தம் ஒன்றரைக் கோடி வண்டி. அதனால் பழைய படத்தில் இருப்பது என்ன வண்டி என்று சுத்தமாகத் தெரியாவிட்டால் மாடல் டி என்று சொல்லிவிட்டால் பாதி நேரம் சரியாகத்தான் இருக்கும் என்று எங்களுக்குள் கேலி உண்டு. வருஷத்தைக் குறுக்குவதுதான் வேலை. 1916 மாடல் வரைக்கும் ரேடியேட்டர் பித்தளை, பளபளவென்று இருக்கும். 1917 மாடலிலிருந்து அதன் கூடு கறுப்பு, பானெட் உயர்ந்து வளைந்து பின்பக்கத்தோடு இழைந்துபோகும், மட்கார்டும் தட்டையாக இல்லாமல் முதுகு வளைந்திருக்கும். எங்கள் படத்தில் கறுப்பு. அதற்கப்புறம் கதவு. அமெரிக்காவில் செய்த டூரிங் வண்டியில், அதாவது எங்கள் படத்தில் இருக்கிற மாதிரித் துணிக்கூரை வண்டியில், டிரைவர் பக்கத்து முன்கதவு வெறும் வேஷம், தகரத்தில் கதவு மாதிரி கோடு போட்டிருப்பார்கள், திறக்காது. நம் பக்கம் வந்தவை பெரும்பாலும் கனடா ஃபோர்டுகள், ஒன்டாரியோவில் வாக்கர்வில் என்ற ஊரில் செய்தவை, பிரிட்டிஷ் நாடுகளுக்கென்று வலப்பக்க ஸ்டீயரிங். அவற்றில் முன்கதவு இரண்டு பக்கமும் நிஜமாகத் திறக்கும். எங்கள் படத்தில் டிரைவர் பக்கத்துக் கதவு ஒரு விரற்கடை திறந்தே இருக்கிறது! இத்தனை வருஷம் நான் பார்க்கவே இல்லை. முன்கண்ணாடி நேராக நிற்கிறது. அமெரிக்க வண்டிகளில் அது 1923 மாடலில் சாய்ந்தது. கனடாவில் மாற்றங்கள் அதே வருஷத்தில் நடந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பெரியவர் எச்சரித்தார். ஆக 1917-க்குப் பிறகு, 1920களின் நடுவுக்கு முன்னால் செய்த கனடா ஃபோர்டு.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிற பையன் பெரியப்பாவின் அப்பா, அதாவது என் தாத்தா. தாத்தா பிறந்தது 1915, பள்ளிக்கூட சர்டிபிகேட்டே வீட்டில் இருக்கிறது. 1912-ல் எடுத்த படத்தில் அவர் எப்படி ஏழெட்டு வயதில் உட்கார்ந்திருப்பார்? ஸ்பிரிங்கும் வேண்டாம், ரேடியேட்டரும் வேண்டாம், வீட்டில் யாராவது ஒருவர் விரலை மடக்கி எண்ணியிருந்தாலே போதும். மூன்று தலைமுறையில் ஒருத்தரும் எண்ணவில்லை, நான் உட்பட.

வண்டியின் வருஷம் வேறு, படத்தின் வருஷம் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டி ஒரு கீழ் எல்லையை மட்டும்தான் தரும், அதாவது அதற்கு முன்னால் படம் எடுத்திருக்க முடியாது என்று மட்டும் சொல்லும். நம் ஊரில் ஒரு காரை இருபது வருஷம் ஓட்டுவது சாதாரணம், அதற்குள் ரேடியேட்டர், விளக்கு என்று பாதியை மாற்றியிருப்பார்கள். அதனால் வண்டியைப் பார்த்து முடித்ததும் மனிதர்களைப் பாருங்கள், அப்புறம் படத்தின் முதுகைப் பாருங்கள்.

முதுகைப் பார்த்ததில்தான் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அட்டையின் பின்பக்கம் வெறும் பழுப்பாகத்தான் தெரிந்தது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கிடைமட்டமாகப் பிடித்து, வெளிச்சம் அட்டையை உரசிக்கொண்டு போகிற மாதிரி அடித்தேன். பென்சில் அழிந்துவிட்டாலும் அழுத்திய பள்ளம் அப்படியே இருக்கும், பள்ளத்தில் நிழல் விழும். மெல்ல மெல்ல எழுத்து எழுந்து வந்தது: "துந்துபி தை பழனி". அவ்வளவுதான், மூன்று வார்த்தை.

தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும். துந்துபி என்றால் 1862-லும் வரும், 1922-லும் வரும், 1982-லும் வரும். கார் 1917-க்குப் பிந்தியது என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதால் நடுவில் இருப்பது ஒன்றுதான். ஆனால் உடனே 1922 என்று எழுதிவிடக் கூடாது. சித்திரையில் பிறந்த துந்துபியின் தை மாசம் இங்கிலீஷ் கணக்கில் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். ஆக 1923, ஜனவரி பாதிக்கும் பிப்ரவரி பாதிக்கும் நடுவில். தை மாசம் பழனிக்கு எதற்குப் போயிருப்பார்கள் என்று தமிழ் ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன. தாத்தாவுக்கும் அப்போது ஏழெட்டு வயதுதான். பொள்ளாச்சி பழனி ரோட்டில் 1920-ல்தான் ஜி.டி. நாயுடு பஸ் ஓட்ட ஆரம்பித்திருந்தார் என்பதை நினைத்துக்கொண்டேன், அந்த பஸ்ஸை எங்கள் ஆட்கள் வழியில் முந்தியிருப்பார்களோ அல்லது அதன் புழுதியைத் தின்றுகொண்டே போயிருப்பார்களோ. வண்டி சொந்தமா வாடகையா என்பது மட்டும் படத்தில் இல்லை. தொப்பி போட்ட ஆளை எங்கள் வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எனக்கென்னவோ வாடகை வண்டி என்றுதான் படுகிறது, பெரியப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

இன்னொரு படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், நாங்கள் மூன்று நாள் தூங்காமல் சண்டை போட்டது அதற்காகத்தான். காரைக்குடியில் பழைய சாமான் கடையில் நண்பர் ஒருவர் வாங்கியது. யார் வீட்டுப் படம், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஒரு திண்ணை வீட்டு வாசலில் மாடல் டி. பக்கத்தில் மேல்சட்டை இல்லாமல் ஒரு பெரியவர், மடிசார் கட்டிய அம்மாள். விசேஷம் என்னவென்றால் ஸ்டீயரிங் இடப்பக்கம். "நேரா அமெரிக்காவிலிருந்து இறக்கினது, அபூர்வம்" என்றார் நண்பர், விலையையும் மனதில் போட்டுவிட்டார்.

எனக்கு நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள் என்று சந்தேகம். கண்ணாடித் தட்டில் எடுத்த நெகடிவைப் பின்னால் யாராவது மறு பிரதி போடும்போது இது நடக்கும், இடம் வலமாகும். எழுத்து எதுவும் படத்தில் இல்லாவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் புடவை இருக்கிறதே, முந்தானை இடது தோளில்தானே வரும்? படத்தில் அம்மாளுக்கு வலது தோளில் இருந்தது. திருப்பிப் போட்டதுதான், முடிந்தது கதை என்று எழுதினேன். எழுதிய கையோடு கும்பகோணத்து நண்பர் பிடித்துக்கொண்டார்: ஐயர் வீட்டு மடிசாரில் முந்தானை வலது தோளில்தான் வரும், ஐயங்கார் வீட்டில்தான் இடது. அப்படியானால் படம் சரி, வண்டிதான் அபூர்வம். நண்பருக்கு முகமெல்லாம் பல்.

மறுநாள் ராத்திரி பெரியவர் ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டி அனுப்பினார். வெறும் மார்பு, அதில் மெல்லிய கோடு. பூணூல். படத்தில் அது வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு இறங்கியது. பூணூல் இடது தோளில் இருப்பதுதான் வழக்கம், வலது தோளுக்கு மாற்றுவது தர்ப்பணம் போன்ற பித்ரு காரியத்தில் மட்டும். தர்ப்பணம் பண்ணிவிட்டு அப்படியே வாசலுக்கு வந்து காரோடு நின்றிருக்கலாமே என்று வாதாடவும் ஒருத்தர் இருந்தார், எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருத்தர் இருப்பார். படத்தைத் திருப்பிப் போட்டோம். பூணூல் இடது தோளுக்கு வந்தது, ஸ்டீயரிங் வலப்பக்கம் வந்தது, அம்மாளின் முந்தானை இடது தோளுக்குப் போனது, ஐயங்கார் வீட்டுக் கட்டு. அதற்கப்புறம்தான் நெற்றியைப் பெரிதாக்கிப் பார்க்க எங்களுக்குத் தோன்றியது. மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல், நாமம். முதலிலேயே பார்த்திருந்தால் மூன்று நாள் மிச்சம். இப்போதெல்லாம் எந்தப் படம் வந்தாலும் முதலில் இடம் வலம் சரியா என்று பார்க்கிறோம். கோட்டு போட்ட ஆண் இருந்தால் இடது மடிப்பு மேலே வந்து பொத்தான் வலப்பக்கம் இருக்கிறதா என்பதும் உதவும்.

நிறத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அந்தக் காலத்தில் படம் எடுக்கப் பெரும்பாலும் புழங்கிய நெகடிவ் பிளேட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். பழைய படங்களில் குங்குமப் பொட்டு மை வைத்த மாதிரிக் கன்னங்கரேலென்று இருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான் காருக்கும். கறுப்புக் கார் என்று நாம் சொல்வது ரத்தச் சிவப்பாக இருந்திருக்கலாம். மாடல் டி என்றால் கறுப்புதானே என்பார்கள், அதுகூட 1914 முதல் 1925 வரைக்கும்தான். டயர் வெளுப்பாக இருந்தால் மட்டும் கவனியுங்கள். ரப்பரில் கரித்தூள் சேர்க்கிற வழக்கம் 1910களில்தான் பரவியது, அதற்கு முந்திய டயர்கள் வெளிறித்தான் இருக்கும்.

விளக்கும் நல்ல சாட்சி. ஃபுட்போர்டில் சின்ன பித்தளைச் சொம்பு மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்து அதிலிருந்து குழாய் முன்விளக்குக்குப் போனால் அது கார்பைட் விளக்கு, மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிறார்களே அதே கல், தண்ணீர் சொட்டினால் வாயு வரும், அதைக் கொளுத்துவார்கள். ஃபோர்டில் 1915 மாடலோடு முன்விளக்கு மின்சாரத்துக்கு மாறியது, பக்கத்து மண்ணெண்ணெய் விளக்குகள் இன்னும் சில வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தன.

மற்ற வண்டிகளில் சிலவற்றை ஒரு பார்வையிலேயே சொல்லிவிடலாம். முகப்பில் ரேடியேட்டரே இல்லாமல் பானெட் முன்னால் சரிந்து இறங்கினால் ரெனோவாக இருக்கலாம், அவர்கள் 1920களின் பிற்பகுதி வரைக்கும் ரேடியேட்டரை எஞ்சினுக்குப் பின்னால் வைத்தார்கள். விளக்குகள் மட்கார்டிலேயே முளைத்த மாதிரி இருந்தால் பியர்ஸ் ஆரோ. ரேடியேட்டரும் பானெட்டும் உருண்டையாக பாய்லர் மாதிரி இருந்தால் டெலோனே பெல்வில், அவர்களுக்கு அடிப்படைத் தொழிலே பாய்லர் செய்வதுதான். ரேடியேட்டர் தலையில் வரிவரியாகப் பள்ளம் இருந்தால் டெய்ம்லர். கோயில் முகப்பு மாதிரி நேராக இருந்தால்தான் ரோல்ஸ், ஆனால் மூடியில் தேவதை பொம்மை இல்லை என்பதற்காக ரோல்ஸ் இல்லை என்று சொல்ல முடியாது, அது வந்ததே 1911-ல்தான். இதையெல்லாம் படத்தில் மட்டும் பார்த்துப் பழகுவதைவிட ஒரு நாள் கோயம்புத்தூர் ஜி.டி. கார் மியூசியத்தில் வண்டிகளைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்ப்பது பத்து மடங்கு. நான் அங்கே மட்கார்டு வளைவுகளையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், காவலர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மங்கிய படத்தைத் துல்லியமாக்கித் தருகிறோம் என்கிற ஆப்களை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள். வேறொரு படத்தின் நம்பர் பிளேட்டை நான் அப்படிச் செய்தேன், கண்ணாடி மாதிரித் தெளிவாக நாலு எழுத்து வந்தது. அதை வைத்து ஒரு வாரம் அலைந்தேன். அசலை லென்ஸ் வைத்துப் பார்த்தால் அங்கே எழுத்தே இல்லை, சேறு. ஆப் சேற்றைப் பார்த்து எழுத்தாக வரைந்து கொடுத்திருக்கிறது. வெளிச்சம், கான்ட்ராஸ்ட் இரண்டையும் கூட்டிக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் வீட்டுக் கதைகள். என்னிடம் வருகிற படங்களில் பாதிக்கு "மெட்ராஸிலேயே முதல் கார் எங்க தாத்தாதான் வாங்கினார்" என்ற குறிப்பு இருக்கும். மெட்ராஸில் எம்.சி. 1 என்ற நம்பர் துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது, கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்று சொல்லப்படுகிற நம்பெருமாள் செட்டியாரின் டி டியோன் பூட்டோன் வண்டிக்கு எம்.சி. 3. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லி யாரையும் மட்டம் தட்டாதீர்கள், நான் செய்து பட்டிருக்கிறேன். மனிதர்கள் படத்தைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்துவிடுவார்கள், நமக்குப் பின்பக்கத்தைப் பார்க்கக் கிடைக்காது. முதலில் கதையை முழுசாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பெயர் கேளுங்கள், டீயைக் குடியுங்கள், பிறகு ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசலாம்.

பெரியப்பாவிடம் நான் அப்படிப் பக்குவமாகச் சொல்லவில்லை. கழற்றிய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். ஃபோர்டு என்றதும் எழுந்து உள்ளே போனவர் இரண்டு மாசம் போனை எடுக்கவில்லை. பெரியம்மாதான், "உடுடா, அந்த மனுசனுக்குப் பெருமை பேச வேறென்ன இருக்குது" என்றாள். பிறகு ஒரு நல்ல பிரதி போட்டு, அதன் பின்னால் துந்துபி தை என்ற வரியையும் பெரிதாக்கி ஒட்டி, கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் அப்பாருவின் கையெழுத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லையாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார், "த" போடுகிற விதம் எங்கப்பாவுக்கும் இப்படியேதான் என்றார்.

போன தைப்பூசத்துக்குப் போயிருந்தபோது படம் பழைய ஆணியிலேயே மாட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியப்பா ஈஸிசேரில் இருந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார்: "1923-ங்க. தைப்பூசத்துக்குப் பழனி போறப்ப எடுத்தது, பின்னால எழுதியே வச்சிருக்காரு. ரோல்ஸ் ராய்ஸுங்க அது."

நான் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டேன்.